அத்தையை நான் சாகடித்த ஞாயிற்றுக்கிழமை

நான்காம் வகுப்புப் படித்தபோது என்னிடம் ஒரு சந்தேக நோட்டு இருந்தது. உண்மையில் அது கணக்கு நோட்டின் பின்பக்கம். எங்கள் மேற்கு மாம்பலம் தெருவில் நடமாடிய சந்தேகத்துக்குரிய ஆட்களை அதில் வரிசை எண் போட்டு எழுதி வைத்திருந்தேன். கேபிள் டிவிக்காரர் மட்டும் இரண்டு முறை இடம்பெற்றிருந்தார்.

இந்த உத்தியோகத்தை எனக்குக் கொடுத்தது அப்பாதான். அவருக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை. மில்லிலிருந்து வரும் துணியை ஒரு முறை அளந்து பார்த்த பிறகுதான் கொண்டுவந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்வார். அந்த வருடம் எங்கள் தெருவில் நான்கு வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுடையது தாத்தா கட்டிய வீடு. அவர் உயில் எழுதாமல் போய்விட்டதால் அப்பாவுக்குப் பாதி, அத்தைக்குப் பாதி.

அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களுடனேயே இருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினாள். வீட்டில் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசத் தெரியாதவள். பில்டர்கள் முதலில் பெண்பிள்ளையைத்தான் மடக்குவார்கள், அவள் கையெழுத்து விழுந்துவிட்டால் வீடு போனமாதிரிதான் என்பது அப்பாவின் தீர்மானம். எந்தத் தாளிலும் அவள் கையெழுத்துப் போடக் கூடாது, புதிய ஆள் யாரும் அவளைப் பார்க்கக் கூடாது. கேட்டருகே யாராவது நின்றால் நான் உடனே சொல்ல வேண்டும்.

அத்தையைப் பற்றி இன்னொரு விஷயமும் வீட்டில் உண்டு. கல்லூரியில் படித்த காலத்தில் யாரோ சில பையன்களோடு சேர்ந்து இங்கிலீஷ் பாட்டு பாடி ஒரு இசைத்தட்டு போட்டாளாம். தாத்தாவுக்குத் தெரிந்ததும் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டாராம். மீதிப் படிப்பெல்லாம் பிறகு தபாலில் படித்து முடித்தது. அம்மா இதை எப்போதோ வந்துபோன டைபாய்டைப் பற்றிச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொல்வாள். நான் அதை அதிகம் பொருட்படுத்தவில்லை. அத்தை ஒரு பாட்டை முணுமுணுத்துக்கூட நான் கேட்டதில்லை.

வரிசை எண் பதினொன்று, ஒரு புதன்கிழமை வந்தார். தகவல் கொடுத்தவர் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர்.

"பாப்பா, ஒங்க ஊட்டாண்ட ஒர்த்தன் சுத்திக்கினு கீறான். கேமராலாம் வெச்சிக்கினு கீறான். இந்த ஊட்ல ஒரு அக்கா இருந்தாங்களே, உசுரோட கீறாங்களான்னு என்னாண்ட கேக்குறான். தெரியாதுன்ட்டேன்."

இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுமா? நோட்டில் எழுதினேன். வயது முப்பதுக்கு மேல். தோளில் சதுரமான பெரிய பை. வீட்டைப் படம் எடுத்தார். அத்தையை விசாரித்தார். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

மறுநாள் அவரே வந்து மணியடித்தார். அம்மா கிரில் கதவைத் திறக்காமலே பேசினாள். அவர் பேசிய தமிழ் எல்லா எழுத்தையும் யோசித்து யோசித்து வைக்கிற தமிழ். லண்டனில் வளர்ந்தவராம். அத்தையைப் பார்த்து ஒரு தாளில் கையெழுத்து வாங்க வேண்டுமாம். கையெழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவர் இருப்பார், வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள். அந்த 'அவர்' அப்பா என்பது வந்தவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

ஞாயிறு நாலு மணிக்கு அப்பா முன்னறையில் தயாராக உட்கார்ந்திருந்தார். அத்தையைப் பின்னறையை விட்டு வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. நான் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நோட்டுடன் நின்றேன்.

வந்தவர் பையைத் திறந்தார். உள்ளே முழுக்க இசைத்தட்டுகள். சோல் என்று ஒரு வகைப் பாட்டு உண்டு, அமெரிக்காவின் கறுப்பின மக்கள் தேவாலயத்தில் பாடியதிலிருந்து வந்தது என்று விளக்கினார். சாமியிடம் கெஞ்சுகிற அதே குரலில் காதலனிடம் கெஞ்சுவார்களாம். அந்தமாதிரிப் பாட்டை நம் ஊர் ஹோட்டல்களில் வாசித்த சிறிய குழுக்களும் பதிவு செய்திருக்கின்றன. நூறோ இருநூறோ தட்டு போட்டு, விற்காமல், அப்படியே மறந்துபோன பாட்டுகள். அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து, ஒரே ஆல்பமாக வெளியிடுவதுதான் தன் வேலை என்றார்.

அப்பா நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்போ யாரும் வாங்காத சரக்கு?" என்றார்.

"ஆமா சார்."

"அதை எல்லாம் ஒண்ணாக் கட்டி வித்தா வாங்கிருவாங்களா?"

"வாங்குவாங்க சார். நிறையப் பேர் தேடுறாங்க."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆடி மாதத்தில் ஓடாத துணியையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டித் தள்ளிப் பார்த்தவர் அவர். அதற்காக ஒருவன் லண்டனிலிருந்து விமானம் ஏறி வருவான் என்று அவரை நம்பவைக்க முடியாது. எனக்கும் நம்பிக்கை வரவில்லை.

அடுத்து அந்தத் தாள் வந்தது. பாட்டை வெளியிடக் குழுவின் தலைவர் ஏற்கெனவே சம்மதித்துவிட்டார், பாடியவரும் சம்மதித்தால் அவர் பெயரோடும் படத்தோடும் போடலாம், அவர் கதையை இரண்டு பக்கம் எழுதலாம் என்றார் அவர். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். உலகெங்கும் உள்ள உரிமைகள் என்று ஓர் இடத்தில் இருந்தது. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"உலகம் பூரான்னா இந்த வீடும் அதுல வந்துருதுல்லா?"

அவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பையும் நான் குறித்துக்கொண்டேன்.

நம்பிக்கை வரட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, பையிலிருந்து ஒரு சின்ன பிளேயரை எடுத்து அந்தப் பாட்டைப் போட்டார். கரகரவென்று கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு ஒரு பெண் பாடினாள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. யாரையோ போகாதே என்று பிடித்து நிறுத்துகிறாள், அதே சமயம் போய்த் தொலை என்றும் சொல்கிறாள் என்று மட்டும் தோன்றியது. சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. பின்னறையில் கட்டில் ஒரு தடவை கிறீச்சிட்டது. அப்பா எழுந்து போய் மின்விசிறியை வேகமாக வைத்துவிட்டு வந்தார்.

"இது எங்க அக்கா குரலே இல்ல. அவ இப்ப ஊர்லயும் இல்ல. தென்காசிக்குப் போயிருக்கா."

"பரவாயில்ல சார். அட்ரஸ் குடுங்க. நான் நாளைக்கே தென்காசி போறேன்."

அப்பா இதை எதிர்பார்க்கவில்லை. தாளை எடுத்து முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார். எங்கள் வீடு போகப் போகிறது, நாங்கள் தெருவில் நிற்கப் போகிறோம் என்று தீர்மானித்துவிட்டேன். நான் முன்னால் வந்தேன்.

"அத்தை செத்துப்போயிட்டாங்க அங்கிள். சொன்னா அப்பாவுக்கு அழுகை வரும். அதான் யார் கேட்டாலும் ஊருக்குப் போயிருக்கான்னு சொல்வாங்க."

எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு அழகான பொய்யை அதற்குப் பிறகு நான் சொன்னதில்லை. அப்பா மறுப்பதற்கு ஒரு கணம் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைக்க ஆரம்பித்தார்.

வந்தவர் எழுந்து நின்றார். சுவரில் மாலை போட்டிருந்தது தாத்தா படத்துக்கு மட்டும்தான். அதைப் பார்த்தாலே என் பொய்யின் சாயம் வெளுத்திருக்கும். அவர் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு அந்த அறையில் சந்தேகப்படத் தெரியாத ஒரே ஆள் அவர்தான்.

வெற்றிச் செய்தியைச் சொல்லப் பின்னறைக்கு ஓடினேன். அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு மட்டும் உடுத்துகிற அரக்குப் பட்டு. புதிதாகத் தலை பின்னி, முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தாள். மடியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம், கவிழ்த்து வைத்திருந்தது.

"கோயிலுக்கா அத்தை?"

"ஆமா."

"உங்களப் பாக்க வந்தவன் போயிட்டான். நான்தான் விரட்டினேன்."

"எல்லாம் கேட்டேன்," என்றாள். என் கன்னத்தைத் தட்டினாள்.

அன்று மாலை அம்மா அத்தையை உட்காரவைத்து உப்பும் மிளகாயும் சுத்திப் போட்டாள். உயிரோடு இருக்கிறவளைச் செத்ததாகச் சொல்லிவிட்டால் ஆயுசு கெட்டி என்று சமாதானமும் சொன்னாள். அப்பா அன்றைக்குச் சீக்கிரமே படுத்துவிட்டார்.

ஐந்து வருடம் கழித்து அப்பாவே வீட்டை ஒரு பில்டருக்குக் கொடுத்தார். காட்டிய இடத்திலெல்லாம் அத்தை கையெழுத்துப் போட்டாள், படித்துக்கூடப் பார்க்கவில்லை. அப்பா அத்தனை வருடம் பயந்தது பில்டரைப் பார்த்து இல்லை, தன் இஷ்டத்துக்கு ஏதாவது செய்துவிடுவாளோ என்று அத்தையைப் பார்த்துத்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

போன வருடம் அந்த ஆல்பம் என் கைக்குக் கிடைத்தது. பழைய இசைத்தட்டு விற்கிற ஒருவரிடமிருந்து வரவழைத்தேன். ஏழாவது பாட்டு. கூடவே வந்த புத்தகத்தில் மற்ற பாடகர்களுக்கெல்லாம் படம் இருந்தது. ஏழாவதற்கு ஒரு சாம்பல் நிறக் கட்டம். குழுவினர் கூப்பிட்ட செல்லப் பெயர் மட்டும் போட்டு, இந்தக் குரலுக்குரியவர் காலமாகிவிட்டார் என்று எழுதியிருந்தது. தகவல் தந்தவர்கள், குடும்பத்தார். குடும்பத்தார் என்றால் நான். நான்காம் வகுப்பு, பி பிரிவு.

அத்தை இப்போது எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். அம்மா சொன்ன மாதிரி ஆயுசு கெட்டி. புத்தகத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டு மெதுவாகப் படித்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "நல்லாத்தான் எழுதியிருக்கான்," என்று சொல்லி மூடிக் கொடுத்துவிட்டாள்.

வீடு மாறியபோது அந்தக் கணக்கு நோட்டை அம்மா தூக்கிப் போடவில்லை. புத்தகத்தை அத்தையிடம் காட்டிய அன்றிரவு அதை எடுத்துப் பார்த்தேன். வரிசை எண் பதினொன்றின் மேல் பெரிய டிக். அதற்குக் கீழே, வரிசை எண் பன்னிரண்டாக, அத்தை. பட்டுப்புடவை கட்டினாள், கோயிலுக்கு என்றாள், போகவில்லை, விளக்கு வைத்த பிறகுதான் மாற்றினாள் என்று குண்டு குண்டாக எழுதியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. யாராவது உள்ளே வந்து தன்னைக் கூப்பிடுவார்கள் என்று அவள் உட்கார்ந்திருந்தாள் என்பது, அத்தனை பேரைச் சந்தேகப்பட்ட எனக்குத் தோன்றவே இல்லை.