பச்சை ஷெவர்லேயின் முன் சீட்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். நான் ஒரு கடையில் இறைச்சி வெட்டுகிறவள். எலும்பு அறுக்கும் ரம்பத்தோடுதான் என் நாள் தொடங்கும். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் கிண்டல் செய்தே அவர்களை விரட்டிவிடுவேன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன்... இது நடந்தது. என் மகள் மேசியின் நெஞ்சில் இருந்த அடையாளத்தை நானே கண்ணால் பார்த்தேன்.

ஆகஸ்ட் மாதம். எங்கள் அயோவா மாநிலத்தில் மக்காச்சோளம் ஆளை மறைத்து நிற்கும் சமயம். என் கணவன் கர்ட் செய்தித்தாளில் ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஐம்பத்தேழாம் வருடத்து ஷெவர்லே கார், பச்சை நிறம், வாங்கியதிலிருந்து ஒரே வீட்டில் இருப்பது. அவன் அம்மா ஓட்டியதும் அதே மாதிரி வண்டி, அதே பச்சை. வீட்டில் ஏற்கெனவே ஓடாத வண்டி ஒன்று கொல்லையில் கிடக்கிறது. சொன்னால் கேட்கிற ஆளா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேசியையும் கூட்டிக்கொண்டு மூவரும் கிளம்பினோம். மேசிக்கு அப்போது ஆறு வயது.

விற்கிறவர் பெயர் ஹார்லன். எழுபது தாண்டிய விவசாயி, பேச்சு குறைவு. கொட்டகைக் கதவைத் தள்ளித் திறந்து, வண்டி மேல் போர்த்தியிருந்த துணியை இழுத்தார். கர்ட் வாயைப் பிளந்துவிட்டான். எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. கடையிலிருந்து நேற்றுதான் வந்த மாதிரி பளபளப்பு. சீட்டுகளின் மேல் அந்தக் காலத்தில் போடும் கெட்டிப் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கிழியாமல் இருந்தது.

"ஒரு பொட்டு துரு இல்ல, ரோண்டா! பாரேன்!"

"பாத்தாச்சு. இன்னைக்காவது சோறு இறங்குமா?"

அவன் காதில் அது விழவில்லை. பெஞ்சு மாதிரி நீளமான முன் சீட்டைத் தடவிக்கொண்டே மேசியிடம் சொன்னான்: "சின்ன வயசுல நான் இங்கதான் நடுவுல உக்காருவேன். அப்பல்லாம் பெல்ட் ஏது? எங்கம்மா பிரேக் போட்டா அவ வலது கை தானா வந்து என் நெஞ்சுல டப்புன்னு விழும். அதான் பெல்ட்டு. நான் இல்லாத அன்னைக்கு மளிகைப் பைய அப்படியே புடிப்பா!"

நாங்கள் மூவரும் சிரித்தோம். ஹார்லன் சிரிக்கவில்லை.

கர்ட் வண்டியைச் சுற்றி வந்து முன்னால் நின்றான். "எல்லாம் பழசு. முன்கண்ணாடி மட்டும் மாத்தியிருக்கே?"

"கல்லு தெறிச்சுது." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார் ஹார்லன்.

"யாரோட வண்டி?"

"எங்க அக்கா ஓபலோடது. முதியோர் இல்லத்துல இருக்கா. அவ வண்டியத் தொட்டே ரொம்ப வருஷம் ஆச்சு தம்பி. ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க. பாப்பா என்கூட இருக்கட்டுமே, லெமனேட் தரேன்."

முன்பின் தெரியாத மனிதரிடம் பிள்ளையை விட்டுப் போவேனா? நான் முடியாது என்றேன். பின் சீட்டில் உட்கார வைக்கலாம் என்றும் சொன்னேன். அப்பாவும் மகளும் சேர்ந்துகொண்டார்கள். அவளுக்கு அப்பா உட்கார்ந்த அதே இடம்தான் வேண்டுமாம். "ஒரு சுத்துதானே ரோண்டா, நாங்கல்லாம் இப்படித்தான் வளந்தோம்" என்றான் கர்ட். இடது பக்கம் ஸ்டீரிங்கில் கர்ட், மேசி நடுவில், நான் வலது ஜன்னலோரம்.

மணி ஏழரை. வெயில் இறங்கிவிட்டது. மத்தியானம் பெய்த மழையில் சரளைச் சாலை ஈரமாக இருந்தது. எங்கள் பக்கத்துச் சாலைகள் கட்டம் போட்டது போல இருக்கும். நான்கு முறை திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம்.

முதல் திருப்பம். கர்ட் பிரேக்கை மெதுவாக அழுத்தினான்.

"அப்பா, கைய எடு. நசுக்குது."

"என்ன கை? ரெண்டு கையும் ஸ்டீரிங்லதான் இருக்கு."

மேசி என்னைப் பார்த்தாள். என் கைகள் மடியில் இருந்தன.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அப்பா சொன்ன கதை அப்படி. ஆனால் அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

அடுத்த சாலையில் கர்ட் பேசுவதை நிறுத்திவிட்டான். வலது கையை உதறினான். மறுபடியும் உதறினான்.

"என்ன ஆச்சு?"

"மரத்துப் போச்சு. முழங்கைக்குக் கீழ ஒண்ணுமே தெரியல."

அந்தக் கையை மடியில் போட்டுக்கொண்டு இடது கையால் ஓட்டினான். அவனுக்கு மாரடைப்போ என்று எனக்குப் பயம். வண்டியை நிறுத்து என்றேன். கொட்டகைக்கே போய்விடலாம், பக்கம்தானே என்றான்.

இரண்டாவது திருப்பம். பிரேக்.

க்ர்ர்ரக்...

அவனுக்கும் மேசிக்கும் நடுவில் இருந்த பிளாஸ்டிக் உறை அமுங்குகிற சத்தம். யாராவது அசைந்து உட்கார்ந்தால் வருமே, அது.

"அம்மா... கை..."

குனிந்து பார்த்தேன்.

மேசியின் மஞ்சள் சட்டை நெஞ்சுக்குக் குறுக்கே அமுங்கியிருந்தது. ஒரு கை அகலத்துக்கு. துணியில் சுருக்கம் விழுந்திருந்தது. அதன் மேல் எதுவும் இல்லை.

அவளை என் பக்கம் இழுத்தேன்.

அவள் அசையவில்லை.

இருபது கிலோ பிள்ளை. இரண்டு கையாலும் இழுத்தேன். மாட்டுத் தொடையைத் தூக்கித் தோளில் போடுகிறவள் நான். அவளை ஓர் அங்குலம் நகர்த்த முடியவில்லை.

"கர்ட், நிறுத்து! வண்டிய நிறுத்து!"

"மூலையத் தாண்டி நிறுத்தறேன், இரு!"

மூன்றாவது மூலை நாற்சந்தி. நிறுத்தச் சொல்லும் பலகை கிடையாது. நாலு பக்கமும் சோளம். இங்கே யாரும் சாலையைப் பார்ப்பதில்லை. சோளத்துக்கு மேலே புழுதி எழும்புகிறதா என்றுதான் பார்ப்போம். புழுதி இருந்தால் வண்டி வருகிறது. இல்லாவிட்டால் போகலாம். பிறந்ததிலிருந்து அப்படித்தான் ஓட்டுகிறோம்.

கர்ட் பார்த்தான். நானும் பார்த்தேன். வானம் சுத்தமாக இருந்தது.

மழை பெய்த சாலையில் புழுதி எங்கிருந்து வரும்? இருவருக்குமே அது தோன்றவில்லை.

சோளத்தை விட்டு லாரி வெளியே வந்தது.

மாடு ஏற்றிய லாரி.

கர்ட் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தான்.

நான் முன்னால் பறந்தேன். நெற்றி மோதியது. கர்ட் ஸ்டீரிங் மேல் விழுந்தான். ஹாரன் அலறியது. லாரி முழுசாக எங்கள் மூக்குக்கு முன்னால் போனது.

பிறகு அமைதி...

மேசி!

பயந்து பயந்து திரும்பினேன். முன்கண்ணாடியைப் பார்க்கவே தைரியம் வரவில்லை.

அவள் சீட்டில் நேராக உட்கார்ந்திருந்தாள். தலைமுடிகூடக் கலையவில்லை.

"அவங்க விட்டுட்டாங்கம்மா" என்றாள்.

பிளாஸ்டிக் உறை மெதுவாக மேலே எழும்பியது. க்ர்ர்ரக்...

எப்படி வந்து சேர்ந்தோம் என்று தெரியாது. ஹார்லன் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். நான் மேசியை வாரி எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். நெஞ்சில் சிவப்பாக ஒரு கை. முன்கை, உள்ளங்கை, ஐந்து விரல். மோதிர விரல் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு பள்ளம்.

ஹார்லன் அதைப் பார்த்தார். பக்கத்தில் கவிழ்த்திருந்த வாளி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சதுரக் கல்லு வெச்ச மோதிரம், அக்கா கல்ல உள்பக்கமாத் திருப்பித்தான் போடுவா. பள்ளிக்கூடம் முடிச்சப்ப அக்காவுக்குக் குடுத்தது" என்றார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அந்த நாற்சந்தியில என் பிள்ள செத்திருப்பா! என்னய்யா வண்டி இது? உண்மையச் சொல்லு!"

"அக்கா பையன் டெனி. அவனுக்கும் ஆறு வயசு. நடுவுலதான் உக்காந்திருந்தான். அதே மூலைதான்மா. அவ கைய நீட்டினா. நேரத்துக்குத்தான் நீட்டினா. பையன நிறுத்த முடியல... கையும் பையனும் சேந்து கண்ணாடிக்குள்ள போயிடுச்சு. டெனி அங்கயே போயிட்டான். அவளுக்கு முழங்கைக்குக் கீழ எடுத்துட்டாங்க."

கர்ட் தன் வலது கையை விரித்து, மடக்கிப் பார்த்தான். இப்போது நன்றாக வேலை செய்தது.

"உங்க அக்கா எப்ப செத்தாங்க?" என்று கேட்டான்.

"சாகலையே தம்பி. காலையிலகூட ஓட்ஸ் ஊட்டிட்டு வந்தேன்."

மேசியின் நெஞ்சைக் காட்டினேன். "அப்ப... இது?"

ஹார்லன் மேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியில அழுதா. அதத் தூக்கிப் போட்டுடாதீங்க, அவன் தனியாப் போக பயப்படுவான்னு. அப்ப எனக்குப் பதினேழு வயசு. சவப்பெட்டிய மூடறதுக்கு முன்னாடி, துணியில சுத்தி, டெனி நெஞ்சுக்குக் குறுக்கால அந்தக் கைய நான்தான் வெச்சேன்."