நடு ஆணி

நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, பின்கட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்து நிற்கிறார் குத்தாலிங்கம் பிள்ளை. சூடு ஏறிவிட்டது. ஈர வேட்டியை உதறி, சுவரில் அடித்திருக்கும் ஐந்து ஆணிகளில், சூடு அதிகம் ஏறும் நடு ஆணியில் மாட்டுகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் பரீதின் ரொட்டி அடுப்பு. விறகு பரீதுடையது, வேர்வை பரீதுடையது. காய்வது பிள்ளையின் வேட்டி.

தென்காசியில் ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் வெயில் எட்டிப் பார்க்கும், உட்காராது. கொடியில் போட்ட துணி மூன்று நாள் தொங்கி நாய் வாடை அடிக்கும். தெருவில் மற்றவர்கள் சட்டியில் கரியைக் கனலவிட்டு, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணியை விரிப்பார்கள். அதைக் கண்டால் பிள்ளைக்கு வயிறு எரியும். "கரியக் கொளுத்திக் காசக் காயப்போடுதானுவ" என்பார். ஜெர்மன் சண்டை வந்தபிறகு கரி விலை ஏறிவிட்டது என்று காரணமும் சொல்வார். சண்டைக்கு முன்பும் வாங்கியதில்லை.

வக்கீல் குமாஸ்தா. கோர்ட்டுக்கு வெள்ளை வேட்டி வேண்டும். வெளுக்கப் போடக் கை வராது. வீட்டிலேயே துவைப்பு. துவைத்ததை முற்றத்துத் தூணில் சுற்றி, ஒரு முனையை அவரும் மறுமுனையை மனைவி பாலம்மாளும் பிடித்து முறுக்குவார்கள். "பிழியப் பிழிய வெயில் மிச்சம்ட்டி, விடாத" என்று அதட்டுவார். பாலம்மாளுக்கு மணிக்கட்டு வீங்கும். வேட்டி நெடுக்கே கிழியும். தைக்க நூல் வாங்குவதில்லை, பழைய வேட்டியிலிருந்து உருவிக்கொள்வார். காய்ந்ததா என்று கன்னத்தில் ஒத்திப் பார்ப்பார். மூக்கை நம்புவதில்லை. முப்பது வருஷம் பொடி போட்ட மூக்கு, முகத்தில் சும்மா இருக்கிறது.

ஆணி அடித்த அன்றைக்கே பரீது வந்து, சுவர் அதிர்ந்து மாவில் காரை உதிர்கிறது என்று முறையிட்டார். "சொவத்துல பாதி என்னுது. சூடு எம் பக்கம் வந்தா நான் என்ன செய்ய முடியும்?" என்றார் பிள்ளை. பரீது சிரித்துவிட்டுப் போனார். ஆனால் வெள்ளிக்கிழமை அவர் அடுப்பை மூட்டாவிட்டால் போதும், பிள்ளை கடை வாசலில் போய் நிற்பார். வியாபாரத்தை இப்படி விடலாமா என்று ரொம்ப அக்கறையாக விசாரிப்பார்.

ஆனிக் கடைசியில், தம் மகனுக்குப் பெண் பார்க்க வருவதாகக் கடையத்திலிருந்து ஆறுமுகநயினார் பிள்ளை சொல்லியனுப்பினார். வெங்காயம் நறுக்கிய வீட்டில் தண்ணீர் குடிக்காத சைவம். பிள்ளையின் மூத்த மகளுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் என்ன கதி என்று பாலம்மாளுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

அவர்கள் வருகிற அன்று விடியற்காலம் பார்த்து பரீதுக்கு ஒரு கல்யாண வீட்டு வேலை வந்தது. ரொட்டி வெந்த அடுப்பில் மசாலா தடவிய ஆட்டுத் தொடைகளை வேகவைத்தார். பிள்ளை ஆணி அடித்துக் கண்ட கீறல்களெல்லாம் மணத்துக்கு வழியாயிற்று. நடு ஆணியில் சரிகைக் கரை வேட்டி மொறுமொறுவென்று காய்ந்தது. கன்னத்தில் ஒத்திப் பார்த்துப் பூரித்துப்போனார். பாலம்மாள் முகர்ந்து பார்த்துவிட்டுப் பதறினாள். கறி நாறுகிறது, அலசிப் போடுவோம், ஒரு சட்டிக் கரி இருந்தால் அவர்கள் வருவதற்குள் காய்ந்துவிடும் என்று கெஞ்சினாள்.

"கரி வாங்கவா? ஒம் மூக்குக்கு மருந்து வாங்குனா அதவிடச் சல்லிசு" என்று உடுத்திக்கொண்டார். முந்தின நாள் நனைந்த கோட்டு நடு ஆணிக்கு ஏறியது.

ஆறுமுகநயினார் பிள்ளை சாரலில் நனைந்தபடி வந்து உட்கார்ந்தார். பெண்ணைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. குத்தாலிங்கம் பிள்ளை எதிரே கால்மேல் கால் போட்டு, வேட்டி மடிப்பை விசிறிவிட்டார். விசிற விசிற வந்தவருக்கு மூக்கு துடித்தது. சொஜ்ஜித் தட்டைத் தள்ளிவைத்து எழுந்தார்.

"பொண்ணு லெட்சுமிதான். ஆனா ஒங்க அடுப்பு வேற, எங்க அடுப்பு வேற அண்ணாச்சி. பொறப்படுதேன்."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், ஓசிச் சூட்டில் வேட்டி காய்கிற சங்கதி கடையம் வரைக்கும் போகும். பிள்ளை பொடி டப்பாவைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்தார். கறி தின்கிறவன் என்ற பெயரே அவருக்குத் தேவலையாகப் பட்டது.

பாலம்மாள்தான் வெளியே வந்தாள். "அடுப்பெல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி. இங்கன வந்து இந்தச் சொவத்துல கைய வச்சுப் பாருங்க" என்று பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். ஆணி, பரீது, ஆட்டுத் தொடை, வாங்காத கரி, ஒன்றையும் மறைக்கவில்லை. தன் மணிக்கட்டையும் நீட்டிக் காட்டினாள்.

ஆறுமுகநயினார் பிள்ளை சுவரில் கை வைத்தார். எடுக்கவில்லை. மறு கையையும் வைத்தார்.

"வெடியக்காலம் மட்டுந்தானா, நாள் முச்சூடும் இருக்குமா?"

"வெள்ளிக்கெழம மட்டும் இருக்காது" என்றார் பின்னாலேயே வந்து நின்ற பிள்ளை, மெல்ல.

வந்தவர் நடு ஆணியில் இருந்த கோட்டை எடுத்து ஓரத்து ஆணியில் மாட்டினார். நனைந்த தம் துண்டை அந்த இடத்தில் விரித்தார். கறி மணம் அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது. அவர் மூக்கு துடிக்கவில்லை. உள்ளே போய்ச் சொஜ்ஜியைச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார். ஆவணியில் நாள் பார்க்கலாம் என்றார்.

பாலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெற்றிலைத் தட்டை எடுத்து வந்தாள். மாற்ற வேண்டிய ஆளைக் காணவில்லை. பின்கட்டில் எட்டிப் பார்த்தாள். பிள்ளை, சம்பந்தியின் துண்டைச் சத்தமில்லாமல் ஓரத்து ஆணிக்கு மாற்றிவிட்டு, நடு ஆணியில் தம் கோட்டைத் தடவித் தடவி விரித்துக்கொண்டிருந்தார்.