புள்ளிக்கோட்டில் ஓர் அறை

வாகரைக்குப் போகும் வழியில் பஸ் பழுதாகி நிற்கிறது. இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடக்கிறேன். அங்கே மணலுக்கடியிலிருந்து ஒரு பழங்கால வீட்டைத் தோண்டி எடுக்கிறார்கள். செங்கல் அடித்தளத்தில் முற்றமும் இரண்டு அறைகளும் தெளிவாகத் தெரிகின்றன. மூன்றாவது அறையின் சுவர் பக்கத்து வீட்டு வளவிலுள்ள சீமெந்துத் தரைக்கு அடியில் போய் மறைகிறது. சுனாமி கொண்டுபோன வீட்டில் அந்தத் தரை மட்டும்தான் மிச்சம்.

அதை உடைக்கலாமா என்று ஆய்வாளரான இளம்பெண் வளவுக்காரரான அம்மாவிடம் கேட்கிறார்.

"வளவில எங்க வேணுமெண்டாலும் தோண்டுங்க மகள். இந்த இடம் மட்டும் வேணாம். இது என்ட புள்ளைகள் படுக்கிற அறை."

"சரிம்மா, உடைக்க மாட்டம்."

இளம்பெண் வரைபடத்தை விரித்து, தோண்டாமல் விட்ட மூன்றாவது அறையை ஊகமாகப் புள்ளிக்கோட்டால் வரைந்து முடிக்கிறார். அம்மா விளக்குமாற்றை எடுத்து, தரையில் படிந்த மணலைக் கூட்டத் தொடங்குகிறார்.