புல் இன்னும் முளைக்கவில்லை

"கதிர் பட்டு வெந்த குடல் ஆறுமா, சார்?"

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையில் எங்கள் எண்ணுக்காகக் காத்திருந்தபோது ராஜம்மா என்னிடம் கேட்டது இது. சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஸ்கூடாயிலிருந்து அவர் மகள் செல்வி அழைத்தார். "அம்மா போயிட்டாங்க, சார்." எனக்கு அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது.

பெக்கோக்கில் நான் பணியாற்றிய தமிழ்ப்பள்ளியில் கேண்டீன் நடத்தியவர் ராஜம்மா. அவரை அறியாதவர்களுக்காக ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு நாள் ஓய்வு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த மாணவியிடம், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். "பசிக்கல, சார்" என்றாள். ராஜம்மா ஒரு தட்டு நாசி லெமாக்கை அவள் முன் வைத்துவிட்டு என்னை அப்பால் அழைத்துப் போனார்.

"நாலு பேரு முன்னால கேட்டா பசிக்கலன்னுதான் சொல்லும். தட்ட வச்சிட்டு நகர்ந்துடணும், சார். இதுகூடவா உங்க ட்ரெய்னிங்ல சொல்லித் தரல?"

திரும்பிப் பார்த்தபோது தட்டு காலியாகியிருந்தது.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பின், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக அவருக்குக் கதிர் சிகிச்சை தந்தார்கள். நோய் அடங்கியது. ஆனால் பக்கத்திலிருந்த குடலும் வெந்திருந்தது. அதனால்தான் அந்தக் கேள்வி.

வழக்கம்போல் நான் உதாரணத்தோடு பதில் சொன்னேன். "நம்ம பள்ளித் திடல நெனச்சுப் பாருங்க. பிள்ளைங்க மிதிச்ச புல்லு நாலு நாள்ல வந்துடும். குடலோட உள்தோலும் அப்படித்தான், தேயத் தேய வளரும். கதிர் வேரச் சுட்டிருக்கு. மிச்ச வேரு தழைக்க நாளாகும்."

"அப்ப மொளைக்கும்லா?"

"முளைக்கும்."

செல்விக்குச் சிங்கப்பூரில் வேலை; விடியுமுன் கிளம்பினால் இரவில்தான் வீடு திரும்புவார். மருத்துவர் பேசிய மலாய் ராஜம்மாவுக்கு முழுதாகப் புரியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் நான் உடன் போனேன். தமிழ்த் தாதி ஒருவர், "நான் உள்ள வரட்டுமா, சார்?" என்று கேட்டார். "நான் இருக்கேனே" என்றேன்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறது, இரத்தம் கலந்து போகிறதா என்று மருத்துவர் கேட்பார். நான் தமிழில் கேட்பேன். ராஜம்மா கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டே, "ஓகே லா, சார். நல்லாதான் இருக்கு" என்பார். அதை அப்படியே மலாயில் சொல்வேன்.

திரும்பும் வழியில் காரில், "திடல்ல புல்லு இன்னும் மொளைக்கல, சார்" என்றார் ஒருமுறை.

"மழை பெய்யட்டும்" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

கறை படிந்த துணிகளைச் செல்வி அலமாரிக்குப் பின்னால் கண்டெடுத்தபோது, குடல் சுருங்கி, ஓர் இடத்தில் ஓட்டையும் விழுந்திருந்தது. இப்படிப்பட்ட புண்ணை ஆற்றவும் சில வழிகள் உண்டு, முன்பே தெரிந்திருந்தால் முயன்றிருக்கலாம் என்றார் மருத்துவர். பலித்திருக்குமா என்று அவருக்கும் தெரியவில்லை. முயலவே இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் அந்த அறையில் ஒரு நாற்காலி அதிகமாகத்தான் இருந்தது. அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்த நாளன்று, விரும்பினால் ஒரு வாய் குடிக்கலாம் என்றார்கள். பார்லி நீரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே நகர்ந்தேன். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தேன். கோப்பை நிறைந்தபடியே இருந்தது.

சென்று வாருங்கள், ராஜம்மா. நீங்கள் சொல்லித் தந்ததை நான் காலம் கடந்துதான் செய்தேன்.

இதைப் படிப்பவர்கள், அடுத்த முறை யாரையாவது மருத்துவரிடம் அழைத்துச் சென்றால், அவரை உட்கார வைத்துவிட்டுச் சிறிது நேரம் கதவுக்கு வெளியே நில்லுங்கள்.