இரண்டு முறை வந்த தலைக் கிறிஸ்துமஸ்

என் தங்கைக்குத் தலைக் கிறிஸ்துமஸ் இரண்டு முறை வந்தது. இரண்டாவதை வரவழைத்தவள் நான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், பஸ் ஏறவே பயப்படுகிறவள், சர்ச்சில் பாதிப் பூசையில் அடுப்பை அணைத்தோமா என்று யோசிக்கிறவள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே இல்லை.

அம்மா போனபோது தங்கை என் இடுப்பில் இருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். வளர்த்து, மணலூர்பேட்டையில் கட்டிக் கொடுத்தேன். எங்கள் ஆட்களிடம், கல்யாணத்துக்குப் பின் வரும் முதல் கிறிஸ்துமஸுக்குப் பெண், மாப்பிள்ளை, சம்பந்தி எல்லாரையும் அழைத்து, துணி எடுத்து, விருந்து வைப்பது தாய்வீட்டுக் கடமை. அது தவறினால் பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் ஆயுசுக்கும் ஒரு சொல் மிச்சமிருக்கும். தாயில்லாத வீட்டில் பெண் எடுத்தால் இப்படித்தான் என்பார்கள். அந்த ஒரு சொல்லை அவள் கேட்டுவிடக் கூடாது என்பதுதான் அந்த வருஷம் முழுக்க என் கவலை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. எந்த ரோட்டில் என்றைக்கு மறியல், எந்த வளைவில் புளியமரம் குறுக்கே கிடக்கும் என்று கள்ளக்குறிச்சியில் யாராலும் சொல்ல முடியாது. ஒதுக்கீடு கேட்கிறவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. எனக்குப் பயமும் இருந்தது. நான் பயந்தபடியே கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பஸ் நின்றுபோனது.

பண்டிகையன்று பிரியாணி ஒரு அண்டா நிறைய இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து கூடை கொண்டு வருபவரிடம் மூங்கில் வாங்கிக் கட்டிய ஸ்டார் வாசலில் ஆடிக்கொண்டிருந்தது. மதியம் வரை தெருமுனையைப் பார்த்துவிட்டு, மணலூர்பேட்டையிலிருந்து யாரும் வராமல் உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளைக்கு சினிமா என்றால் உயிர். அதனால் என் வீட்டுக்காரர் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார். தமிழ்க் கேசட் எல்லாம் போய்விட்டதாம். கிறிஸ்துமஸ் படம், சிரிப்புப் படம் என்று ஒரு இங்கிலீஷ் கேசட்டைக் கடைக்காரர் கொடுத்துவிட்டார். எடுத்ததை ஏன் வீணாக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் தெருவையே கூப்பிட்டுப் படத்தைப் போட்டார்.

படத்தில் ஒரு குடும்பம். அப்பாக்காரன் கூரையேறி விளக்குக் கட்டுகிறான், வழுக்கிப் பனியில் விழுகிறான். விருந்தில் மாமியாரோடு சண்டை. தூங்கி எழுகிறான். பார்த்தால் மறுபடியும் அதே காலை, அதே ஏணி.

"யோவ், திரும்ப சுத்தி வுட்டுட்டியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

என் வீட்டுக்காரர் எழுந்து பட்டனை அழுத்தி ஓட்டினார். நிறுத்தினால் மறுபடி ஏணி. இன்னும் கொஞ்சம் ஓட்டினார். மறுபடி ஏணி.

"கேசட்டு சிக்கிக்கினு இருக்குது, வெளிய எடு," என்றது அதே குரல்.

"நீ கையி வெக்காம உக்காரு அண்ணே," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கச்சிராயபாளையத்துக்காரி. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறவள், எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வருஷா வருஷம் வைக்கோலும் தருகிறவள், தன் மாமியாரோடு தினமும் மல்லுக்கு நிற்கிறவள். "அந்தாளு சட்டைய பாரு, இப்ப வேற சட்ட. அவனுக்குத் தெனமும் கிறிஸ்மஸ் வந்துக்கினு இருக்குது. மாமியாரோட ஒயுங்கா இருக்குற வரிக்கும் வுடாது போல."

"அப்டின்னா உனக்கு பொங்கலே முடியாதேடி," என்றார் என் வீட்டுக்காரர். வீடே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. கரண்டு போய்விட்டது, முடிவைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் குடிலுக்குப் போனேன். எங்கள் அம்மாவின் வழக்கம் ஒன்று உண்டு. குழந்தை ஏசுவைப் பார்க்க ஒட்டகத்தோடு வரும் மூன்று ராஜாக்களின் பொம்மைகளைக் கிறிஸ்துமஸன்று குடிலில் வைக்க மாட்டாள். ஜன்னலில் நிறுத்தி, தினம் கொஞ்சம் நகர்த்துவாள். ஜனவரி ஆறாம் தேதி, ராஜாக்கள் திருநாளன்றுதான் அவர்கள் குழந்தையிடம் வந்து சேர்வார்கள். ஒட்டகத்தை நகர்த்தப் போன என் கை அப்படியே நின்றது. இவர்களே இன்னும் வந்து சேரவில்லையே.

மறியல் ஓய்ந்து பஸ் ஓடத் தொடங்கியதும் பங்குச் சாமியாரிடம் போய், ராஜாக்கள் திருநாளில் தலைக் கிறிஸ்துமஸ் வைத்தால் தப்பா என்று கேட்டேன். "குடில் இருக்கிற வரைக்கும் கிறிஸ்துமஸ்தாம்மா," என்றார். அந்த தைரியத்தில், வெற்றிலை பாக்கு, பழத் தட்டோடு வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு மணலூர்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். ஜன்னல் வழியாகச் சாய்ந்த மரங்களைப் பார்த்தபடி, சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

சம்பந்தியம்மா தட்டைத் தொடவில்லை. தங்கை கதவோரம் நின்றாள்.

"முடிஞ்சி போன பண்டிகைக்கு இன்னாத்துக்குங்க அழைப்பு?"

மனதுக்குள் சொல்லி வைத்ததெல்லாம் மறந்துபோனது. வாயில் வந்தது இதுதான்: "முடியலீங்க சம்பந்தி. மூணு ராஜாங்களே எங்க வூட்டு ஜன்னலாண்டதான் நிக்கிறாங்க. அவங்களும் மறியல்ல மாட்டிக்கினாங்க. நீங்க வந்தாதான் உள்ள வருவாங்க."

அந்தம்மா என்னையே பார்த்தார். பிறகு வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தார். "ஒட்டகத்துக்கும் சேத்து சோறு வடிங்க, வர்றோம்," என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

ராஜாக்கள் திருநாளுக்குத் தெருவில் எல்லாரும் கிறிஸ்துமஸ் துணியைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு மறுபடி உடுத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரி புது வைக்கோல் கொண்டுவந்தாள். என் வீட்டுக்காரர் கிழிந்த ஸ்டாருக்குப் புதுத் தாள் ஒட்டினார். பிரியாணியில் உப்பு சரியா என்று நான் எத்தனை தடவை பார்த்தேனோ, கடைசியில் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

விருந்துக்கு முன்னால் ராஜாக்களைச் சம்பந்தியம்மா கையிலேயே கொடுத்தேன். ஒவ்வொன்றாகக் குடிலுக்குள் வைத்துவிட்டு, அந்தம்மா தங்கையை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொன்னார்: "தாயி இல்லாத வூடுன்னு சொன்னாங்க. இங்க ஒரு தாயி இருக்குதே."

நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

மாப்பிள்ளைக்காக அதே கேசட்டை மறுபடி எடுத்திருந்தோம். யாரும் பட்டனைத் தொடாதபடி பக்கத்து வீட்டுக்காரி டெக்கை ஒட்டியே உட்கார்ந்தாள். இந்த முறை முடிவு வரை ஓடியது. கடைசியில் அந்த ஆள் எழுந்து பார்க்கிறான், ஏணி இல்லை, வாசலில் பனி உருகிக்கொண்டிருக்கிறது. மாமியார் காபி கொண்டுவந்து கொடுக்கிறாள்.

"இன்னிக்கு ஒயுங்கா இருந்துட்டான்," என்றார் சம்பந்தியம்மா.

பொங்கலுக்குத் தென்பெண்ணை ஆற்றங்கரையில் யாரோ அந்தம்மாவிடம், மருமகளுக்குத் தலைக் கிறிஸ்துமஸ் நடக்கவில்லையாமே என்று வாயைக் கிளறினார்களாம். "நடக்கலியா? எங்க மருமவளுக்கு ரெண்டு தபா நடந்துது. உங்க வூட்ல யாருக்கு அப்டி நடந்துது?" என்று கேட்டுவிட்டு வந்தாராம். தங்கை அடுத்த முறை வந்தபோது, பையைக்கூடக் கீழே வைக்காமல், முதலில் சொன்னது இதைத்தான்.