பூட்டு மாட்டிய பிள்ளைகளும் புளித் தராசு டாக்டரும்

உத்தனப்பள்ளிக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் பால்வாடி ஆயாவாக இருந்தவள் ஃபகருன்னிசா. அவள் ஒரு குரல் கொடுத்தால் ராயக்கோட்டை ரோட்டில் போகிற பஸ் நின்றுவிடும். டிரைவர் இறங்கி வந்து, "கூப்டீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். நம்பாதவர்கள் அந்த டிரைவரையே கேட்டுக்கொள்ளலாம். என்ன, அவருக்கு இப்போது காதுதான் கொஞ்சம் மந்தம்.

அப்பேர்ப்பட்ட தொண்டை எண்பத்து நாலாம் வருஷம் ஒருநாள் அடைத்துப்போனது. அடைத்தவர் சூப்பர்வைசர் ராஜப்பன். சஃபாரி சூட்டும் மொபெட்டுமாக வந்து இறங்கியவர், வாசலிலேயே அறிவித்தார்.

"ஆயாம்மா, உங்க ஊர்ப் பிள்ளைங்க எடை எங்கியோ ஏறிப்போயிடுச்சி. இந்த ஊர்ல வறுமை ஒழிஞ்சிடுச்சி. சத்துமாவு உருண்டைய நிறுத்தப்போறோம்."

எடை குறைந்த பிள்ளைக்கு மட்டுமே உருண்டை என்பது சர்க்கார் சட்டம். ஃபகருன்னிசா திரும்பிப் பார்த்தாள். மூலையில் மதுரைவீரன் உட்கார்ந்திருந்தான். பெயருக்குத்தான் வீரன். ஆடி மாதக் காற்றில் அவன் வெளியே போனால் சட்டையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். விலா எலும்பைத் தூரத்திலிருந்தே எண்ணிவிடலாம். அவன் வீட்டில் ராத்திரி அடுப்பு எரிவது அம்மா வெள்ளையம்மாவுக்குத் தக்காளித் தோட்டத்தில் வேலை கிடைக்கிற அன்றைக்கு மட்டும்தான். அந்த உருண்டையும் போய்விட்டால்?

"இவன் கொழுத்துட்டானா சார்? உத்துப் பாருங்க!"

"நான் பாத்து என்ன ஆவப்போவுது? தராசு சொல்லுது. நாளைக்கு பின்லாந்து டாக்டர் ஒருத்தர் வர்றாரு. எந்தெந்த நாட்டுல பிள்ளைங்க எப்படித் தேறுதுன்னு பாக்குறவரு. அவரும் சரின்னுட்டா முடிஞ்சிது கதை."

மொபெட் போனதும் சமையற்காரி முனிலட்சுமி மதுரைவீரனைத் தூக்கித் தராசுப் பையில் தொங்கவிட்டாள். கணகணவென்று சத்தம் கேட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கோளாறு பிள்ளையில் இல்லை, இடுப்பில். பிள்ளையைத் தராசில் தொங்கவிடுவது அந்த ஊருக்கு ஆகாது. ஆட்டுத் தொடையும் வெல்லமும் தொங்குகிற இடத்தில் பிள்ளை தொங்கினால் கண்ணேறு பட்டுவிடும் என்று தாய்மாருக்குப் பயம். கண்ணேறுக்கு இரும்பு ஆகாதாம். ஆகவே எடை போடும் நாளில் ஒவ்வொரு அரைஞாண் கயிற்றிலும் ஏதாவது ஒரு இரும்பு ஏறிக்கொண்டது. லாடம் ஒன்று, உடைந்த ஏர்க் கொழு ஒன்று, தர்கா தாயத்து, மாரியம்மன் தாயத்து. மதுரைவீரனுக்கு வீட்டுக் கதவின் பூட்டே தொங்கியது. அந்த வீட்டில் பூட்டிவைக்க எதுவும் இல்லை என்பதால் அது சும்மாதான் கிடந்தது. இத்தனை மாதமும் எடை போட்டவள் ஃபகருன்னிசாவேதான். அவளும் அந்த ஊர்க்காரியாயிற்றே! பூட்டும் பிள்ளையோடு பிறந்தது போலவே அவள் கண்ணுக்குப் பழகிவிட்டிருந்தது.

"கழட்டச் சொல்லிப் பாப்பமா?" என்றாள் முனிலட்சுமி.

சாயங்காலம் சொல்லிப் பார்த்தார்கள். வெள்ளையம்மா பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பேடா நிசாக்கா, வேணவே வேணாம்! எம்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சின்னா நீ பெத்துக் குடுப்பியா? அந்தத் தராசு கண்ணு மொதல்ல வேற யார் மேலனா எறங்கட்டும். அப்புறம் கழட்டறேன்."

ராத்திரி முழுக்க ஃபகருன்னிசாவுக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் காதில் ஓடியது.

மறுநாள் ஜீப்பிலிருந்து டாக்டர் இறங்கினார். இறங்கினார், இறங்கினார், இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தார். அவ்வளவு உயரம். அவர் முழுதாக வெளியே வருவதற்குள் ஃபகருன்னிசா வணக்கம் சொல்லி, பூட்டு முதல் லாடம் வரை அத்தனையையும் கொட்டித் தீர்த்தாள்.

"ஊர்லயே பெரிய ஆள் மேலதான் கண்ணு எறங்குமாம் சார். டாக்டரய்யா மொதல்ல ஏறி உக்காந்தா பிள்ளைங்க தப்பிச்சிரும்."

பின்னாலேயே மொபெட்டில் வந்த ராஜப்பன் அதை இங்கிலீஷில் சொல்லும்போதே வேர்த்து வழிந்தார். டாக்டரோ கைகொட்டிச் சிரித்தார். "எங்கே தராசு?"

பால்வாடித் தராசு அவர் செருப்பைக்கூடத் தாங்காது. ஃபகருன்னிசாவின் மச்சான் தஸ்தகீர் புளி வியாபாரி. அவருடைய பெரிய தராசைப் புளியமரக் கிளையில் கட்டினார்கள். ஒரு தட்டில் டாக்டர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மறு தட்டில் அவரிடம் இருந்த புளியையெல்லாம் ஏற்றியும் டாக்டர் தரையை விட்டு எழவில்லை.

"அந்தப் பக்கம் கொஞ்சம் கொறையுது," என்றார் தஸ்தகீர். ஊரே ராஜப்பனைப் பார்த்தது.

"நானா? நான் கவர்மெண்ட் ஆளுய்யா!"

"புளிக்கு அதெல்லாம் தெரியாது சார், ஏறுங்க," என்று ஃபகருன்னிசா கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். டாக்டர் ஆகாயத்துக்குப் போனார். ஊர் மொத்தமும் வாயைப் பிளந்து, ஆசை தீர அவர் மேல் கண் வைத்தது.

மேலே தொங்கியபடியே டாக்டர் ஏதோ சொன்னார். கொட்டை எடுக்காத புளியில் புதைந்திருந்த ராஜப்பன் தமிழாக்கினார். "இவங்க அப்பா சின்னப் பிள்ளையா இருந்தப்போ, அவங்க நாட்டுல பஞ்சமாம். மரப்பட்டைய இடிச்சி மாவுல கலந்து ரொட்டி சுட்டுத் தின்னாங்களாம்."

"பட்டைய தின்னுட்டா இந்த ஒசரம்?" என்றாள் வெள்ளையம்மா.

"அது அப்பா. இவரு காலத்துல பள்ளிக்கூடத்துலயே எல்லாருக்கும் சோறு போட்டாங்களாம். அதுல வளந்ததாம்."

வெள்ளையம்மா தட்டில் இருந்தவரைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள். பிறகு மதுரைவீரனின் இடுப்பிலிருந்து பூட்டை அவிழ்த்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அவிழ்த்தார்கள். கொல்லன் பட்டறை ஒன்று தடுக்கி விழுந்தது போல் ஒரு சத்தம்.

டாக்டரை இறக்கிவிட்டு, வெறும் இடுப்போடு பிள்ளைகளைப் பால்வாடித் தராசில் தொங்கவிட்டார்கள். முள் கொஞ்சம் நகர்ந்து, அங்கேயே நின்றுவிட்டது. டாக்டர் சிரிப்பதை நிறுத்தினார். மதுரைவீரனைத் தானே இறக்கி, கொஞ்ச நேரம் கீழே விடாமல் வைத்திருந்தார். உருண்டை நிற்காது, இரண்டாகக் கொடுக்கச் சொல்கிறேன் என்றார்.

தாய்மார் அவரைச் சும்மா அனுப்பவில்லை. பிள்ளைகளின் கண்ணேறை எல்லாம் சுமந்த மனுஷன் ஆயிற்றே! உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டார்கள். நெடியில் டாக்டர் போட்ட தும்மலில் கிளையிலிருந்த காயெல்லாம் உதிர்ந்தது. தஸ்தகீர் அதையும் பொறுக்கி மூட்டை கட்டினார். பேண்ட்டெல்லாம் புளி அப்பிய ராஜப்பன் மொபெட்டை விட்டு இறங்கப் பார்த்தபோது சீட்டும் கூடவே எழுந்ததாக முனிலட்சுமி சொல்லித் திரிந்தாள்.

அடுத்த வாரம் மதுரைவீரன் இரண்டாவது உருண்டையைக் கடித்துவிட்டு, "வெல்லம் பத்தல," என்றான்.

"ஏன்டா, நேத்து வரைக்கும் வாயே தெறக்காதவன், இன்னிக்கி ருசி கேக்குதா ஒனக்கு?" என்று ஃபகருன்னிசா போட்ட சத்தத்தில், ராயக்கோட்டை ரோட்டில் பஸ் நின்றது.