விபூதிப் பட்டையில் விழுந்த கோடு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து வரிசையில் நிற்காது; மேலே ஏறும், கீழே இறங்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த எழுத்து எங்கே வரும் என்று நிறைய இடங்களில் சந்தேகத்தோடுதான் எழுதியிருக்கிறேன். படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும்.

நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. போன வாரம் ஷெட்டில் எல்லோரும் நிற்கும்போது மேனேஜர் ஒரு கேள்வி கேட்டார். "ஏழுமலை, இது உனக்கு எப்படித் தெரியும்?" பதில் எனக்குத் தெரியும். வாய்தான் திறக்கவில்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். டிரெய்லரோடு வெளியூர் போகிறவர்கள் எல்லோரும் இதைப் படிக்கலாம்.

1. சக்கரம் போட்ட வீடு

தண்ணீர் இல்லாத ஊர்களில் கிணற்றுக்குத் துளை போடுவது எங்கள் கம்பெனி வேலை. ஷெட் கும்மிடிப்பூண்டி ரோட்டோரம். இங்கிருந்து தடா, நாயுடுபேட்டை, காளஹஸ்தி தாண்டி, கடப்பா பக்கம் கல்லுப் பூமிக்குப் போவோம். போனால் திரும்ப ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அங்கே தங்க இடம் கிடையாது. அதற்காகத்தான் கேம்ப் டிரெய்லர். மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய வண்டிச் சேஸின் மேல் தகரத்தால் ஒரு வீடு. உள்ளே பலகைப் படுக்கைகள், பின்பக்கம் அடுப்பு மேடை, ஒரு தண்ணீர் டிரம். லாரியில் குழாயும் மிஷினும் இருக்கும். ஆட்களுக்கு அதில் இடம் இருக்காது. வண்டி ஓடும்போது டிரெய்லருக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஏழு பேர் அதற்குள்தான் போவோம்.

டிரெய்லருக்கு முன்னால் இரண்டு இரும்புக் கைகள் சேர்ந்து ஒரு மூக்கில் முடியும். மூக்கின் வளையத்தை லாரியின் கொக்கியில் மாட்டி, கழன்று வராமல் ஒரு இரும்புப் பின் போடுவோம். அந்த மூக்குக்கு டிராபார் என்று பேர். ஏழு பேர் உயிரும் அதில் தொங்கிக்கொண்டு வரும்.

நான் கிரீஸ் அடிப்பவன், சின்ன ரிப்பேரும் பார்ப்பேன். கல்ரோட்டில் எதுவும் ஒரே நாளில் உடைவதில்லை. புழுதி கிரீஸுக்குள் போகும். கிரீஸ் அரைக்கும் மாவு மாதிரி ஆகி பேரிங்கைத் தின்னும். நட்டைச் சுற்றிச் செம்மண் மாதிரித் துரு கசிந்தால், அந்த நட்டு உள்ளே ஆடுகிறது என்று அர்த்தம். வண்டி நிற்கும்போதெல்லாம் புறங்கையால் சக்கரத்தின் நடுவைத் தொட்டுப் பார்ப்பேன். கை பொறுக்காவிட்டால் பேரிங் போகப்போகிறது.

ஒரு தடவை அப்படிச் சூடு கண்டு, அப்போதிருந்த மேனேஜரிடம் சொன்னேன். எல்லோர் முன்னாலும் கேட்டார்: "நீ இன்னா இன்ஜினியரா? கிரீஸ் அட்ச்சமா, போனமான்னு இரு." எல்லோரும் சிரித்தார்கள். பேரிங் கூடூரில் உடைந்தது. ஆனால் எனக்கு மனசில் நின்றது சிரிப்புதான்.

2. பூஜை முடிந்த காலை

இது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஆயுத பூஜைக்காக டிரெய்லரை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, காட்டன் வேஸ்ட்டால் துடைத்தேன். மூக்கின் மேல் விபூதியைத் தண்ணீரில் குழைத்து மூன்று பட்டை போட்டு, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மறுநாள் காலை வண்டி புறப்பட வேண்டும்.

காலையில் வந்து பார்த்தால், வெள்ளைப் பட்டை மூன்றுக்கும் குறுக்கே ஈரமாக ஒரு கோடு. தலைமயிர் அளவுதான். துடைத்துவிட்டுப் புதிதாகப் பட்டை போட்டேன். காய்ந்ததும் அதே இடத்தில் அதே கோடு வந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். மண்ணெண்ணெய்.

முழு இரும்பில் எண்ணெய் உள்ளே போகாது. போயிருக்கிறது, இப்போது திரும்பி வருகிறது. இரும்பு வெடித்திருக்கிறது. வெல்டிங்கின் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு.

அதே மேனேஜரும் டிரைவர் முனிரத்தினமும் லாரிக்குப் பக்கத்தில் நின்றார்கள். போகிற வழியிலேயே சொல்ல வேண்டியதை மனசுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எதிரில் போய் நின்றதும் வந்தது இவ்வளவுதான்: "சார்... விபூதி கலஞ்சிக்கீது சார்."

முனிரத்தினம் அண்ணன் ஓடிப்போய்ப் பார்த்தார். வாகனத்தில் ஏறும் முன் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மனிதர்.

"அய்யோ நைனா! பட்டைக்குக் குறுக்கால கோடு வுட்டுக்கினு கீது. இது நல்லதுக்கில்ல சார்."

"இன்னாய்யா இப்ப? வண்டிய நிறுத்தணுமா? அங்க பார்ட்டி காத்துகினு கீறான்."

"நிறுத்த வாணாம் சார். ஒரு பூசணிக்கா, நாலு எலுமிச்சம்பழம். அல்லாம் கழிஞ்சிடும்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "ஒனக்கும் அதான பயம், ஏழுமல?"

"ஆமா சார்" என்றேன்.

பூசணிக்காய் உடைத்தார்கள். சிவப்பாகத் தெறித்தது. அது உடைந்ததும் எனக்கே ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. மனுஷன் பயந்தால் எதைப் பிடித்துக்கொள்வான் என்று சொல்ல முடியாது.

3. ஆணிக் கீறல்

மூக்கு விட்டுப்போனாலும் டிரெய்லரைப் பிடித்துக்கொள்ள ஒரு செயின் உண்டு. அன்று அதை எடுத்து லாரியில் குழாய்களைக் கட்டியிருந்தார்கள். கேட்டுப் பார்த்தேன்.

"செயின் இன்னாத்துக்கு? அதான் பூசணிக்கா ஒடச்சாச்சில்ல?" என்றார் முனிரத்தினம்.

தடாவில் டீக்கு நிறுத்தினார்கள். நான் மூக்கருகில் உட்கார்ந்து, வெடிப்பின் இரண்டு முனையிலும் ஆணியால் ஒரு கீறல் போட்டேன். வெடிப்பின் நீளம் மூன்று விரல் அகலம். அன்றிலிருந்து அதுதான் என் காலண்டர். காளஹஸ்தியில் அப்படியே இருந்தது. கேம்ப் போட்ட இடம் வரை ரோடு முழுக்கக் கல். போய்ச் சேர்ந்து பார்த்தபோது வெடிப்பு கீறலைத் தாண்டியிருந்தது. புதுக் கீறல் போட்டேன்.

பத்து நாள் அங்கே வேலை. டிரெய்லர் நின்ற இடத்தில் நிற்கும், பயமில்லை. ஆனாலும் தினமும் போய்ப் பார்ப்பேன். எங்கள் சமையல்காரர் தேசப்பன் அண்ணன் இதைக் கவனித்துவிட்டார். பழவேற்காட்டுக்காரர். ஏரியில் மீன் குறைந்ததால் கரண்டி பிடித்தவர். யாரையும் கிண்டல் செய்யாமல் சோறு போட மாட்டார்.

"இன்னாடா, தெனம் அது எதிர்லயே குந்திகினு கீற? பொண்ணு கிண்ணு பாத்துட்டியா அந்த மூக்குல?"

"ஒண்ணுமில்லண்ணா."

"சோறும் எறங்க மாட்டேங்குது ஒனக்கு. ஊட்ல எதனா பிரச்சினையா?"

"இல்லண்ணா."

சொல்லியிருக்கலாம். அவர் சிரித்திருக்கவும் மாட்டார். சொன்னால் முதல் கேள்வி "ஏன்டா கெளம்பும்போதே சொல்லல?" என்று வரும். ஒரு நாள் சொல்லாமல் விட்டால் மறுநாள் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம். அப்படிப் பத்து நாள் ஏறிப்போனது.

4. இறக்கம்

அடுத்த கேம்ப் ஒரு மலையைத் தாண்டி. நான் டிரெய்லரின் முன்பக்கக் கீழ்ப்பலகையில் படுத்து, காதைத் தரையில் வைத்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். மற்றவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்கு வேர்த்தது.

மலை உச்சியில் லாரி இன்ஜின் ஆற நிறுத்தினார்கள். எதிரே மூன்று மைல் இறக்கம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. நான் குனிந்து பார்த்தேன். வெடிப்பு இரண்டாவது கீறலையும் தாண்டி அடிப்பக்கம் திரும்பியிருந்தது. அதன் வாயில் செந்தூள்.

தேசப்பன் அண்ணனின் ஸ்டவ்விலிருந்து கொஞ்சம் மண்ணெண்ணெய் எடுத்துத் தடவித் துடைத்தேன். விறகடுப்புச் சாம்பலைக் குழைத்து மேலே பூசினேன். முனிரத்தினம் அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அதற்கு முன் நான் யார் கையையும் பிடித்து இழுத்தவன் இல்லை.

சாம்பல் காய்ந்தது. கோடு கறுப்பாக எழுந்து வந்தது.

"தோ பாரு! அதே கோடு! மலை மேல வந்து காட்றா ஆத்தா!"

"ஆத்தா இல்லண்ணே. இரும்பு வெடிச்சிக்கீது. உள்ள போன கிருஷ்ணாயிலு திரும்பி வருது."

"வாய மூட்றா. மலை மேல நின்னுகினு அப்டிலாம் பேசாத." அவர் முகம் வெளுத்திருந்தது. "அல்லாம் எறங்குங்கடா! எவனும் உள்ள இருக்கக் கூடாது. நடந்து வாங்க."

காரணம் தப்பு. ஆனால் எல்லோரும் இறங்கினார்கள். எனக்கு அது போதும் என்று இருந்தது. அவர் மட்டும் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு வைத்து ஏற்றிவிட்டு லாரியை மெதுவாக இறக்கினார். நாங்கள் பின்னால் நடந்தோம். ஒவ்வொரு திருப்பத்திலும் டிரெய்லரின் முதுகு பாறைக்குப் பின்னால் மறையும். மறைந்த இடத்திலிருந்து சத்தம் வருகிறதா என்று நின்று கேட்பேன். அடுத்த திருப்பத்தில் மறுபடி தெரியும். மூன்று மைலும் இப்படியே.

எதுவும் நடக்கவில்லை. அடிவாரத்தில் முனிரத்தினம் அண்ணன் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா ஏழுமல, ஒன் இரும்பு வெடிக்கலியே?"

எல்லோரும் சிரித்தார்கள். "மூணு மைலு கால் தேய வுட்டியேடா, பேஜாரு புட்ச்சவனே" என்றான் மிஷின் ஆள் ஒருவன். ஒவ்வொருவராக ஏறினார்கள். தேசப்பன் அண்ணன் மட்டும் கீழேயே நின்று என்னைப் பார்த்தார்.

செந்தூள் அங்கேயேதான் இருந்தது. சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பு காதில் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நானும் ஏறிவிட்டேன். சமதரைதானே என்று நினைத்துக்கொண்டேன்.

லாரி ஒரு குதி குதித்துக் கிளம்பியது. பத்தடி போயிருக்கும், ஒரு சின்னப் பாலம். வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். டிரெய்லரின் மூக்கு மண்ணில் குத்தியது. டிரம், பாத்திரம், ஆட்கள் எல்லாம் முன்பக்கம் வந்து விழுந்தோம். லாரி எங்களை விட்டுவிட்டுத் தனியாகப் போய் நின்றது.

கடைசியாக ஏறிய தேசப்பன் அண்ணன் கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார். இரும்புக் கதவு வீசி அடித்தது. இடது கையில் இரண்டு விரல் போனது.

5. வெள்ளைப் பெயிண்ட்

விபூதி காப்பாற்றிய கதையை முனிரத்தினம் அண்ணன் வேலையை விட்டுப் போகிறவரை சொன்னார். மலையில் உடைந்திருந்தால் ஏழு பேரும் போயிருப்பார்கள், ஆத்தா கோடு போட்டுக் காட்டினாள் என்பார். கேட்டவர்களுக்கு மயிர் கூச்செறியும். நான் கிரீஸ் கன்னைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

டிரெய்லருக்குப் புது டிராபார் போட்டார்கள். அதன் மேல் அழியாமல் இருக்க மூன்று பட்டையை வெள்ளைப் பெயிண்டில் அடிக்கச் சொன்னார் அந்த மேனேஜர். அடித்தது நான்தான். வெடிப்பு வந்தால் தெரிய வேண்டிய இடத்தை நானே மூடினேன்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு மறுநாள் ஷெட்டில் கூட்டமாக இருந்தது. டிராபாரின் பெயிண்ட் பட்டை குறுக்கே விரிசல் விட்டிருந்தது. "கோடு வந்துச்சி, பூசணிக்கா வாங்கினு வா" என்று யாரோ ஆளை அனுப்பிவிட்டார்கள். வண்டி அன்றே புறப்பட வேண்டும். போய்க் கொக்கியின் பின்னை உருவி என் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யார் கேட்டும் கொடுக்கவில்லை. இப்போதைய மேனேஜர் வந்தார். பெயிண்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்குக்கட்டியைத் தேய்த்துக் காட்டினேன். கோடு வந்தது. வண்டியை நிறுத்திவிட்டார். அப்போதுதான் அந்தக் கேள்வி: உனக்கு எப்படித் தெரியும்?

6. பழவேற்காடு

ஷெட்டில் சொல்லும் முன் ஒருவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. நேற்று பழவேற்காட்டுக்குப் போனேன். தேசப்பன் அண்ணன் இப்போது கருவாட்டுக் கடை வைத்திருக்கிறார். மூன்று விரலால் தராசு பிடிக்கிறார். வழியெல்லாம் யோசித்து வைத்ததைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். புறப்படும் முன்பே தெரியும், பத்து நாள் தெரியும், அடிவாரத்திலும் தெரியும் என்று.

அவர் ஒரு கருவாட்டை எடுத்து மண் தட்டி வைத்தார்.

"ஆத்தான்னு அவன் சொன்னத நான் எப்பவும் நம்பலடா" என்றார். "மலை மேல நீ என் அடுப்புச் சாம்பல எடுத்தப்பவே எதோ இரும்பு சமாச்சாரம்னு தெரிஞ்சிது. கீழ வந்து அல்லாரும் ஏறினாங்க. நான் ஏறல. நின்னுகினு இருந்தேன், பாத்த இல்ல?"

"பாத்தேண்ணா."

"வண்டி பாக்கறவன் நீ. நீ இன்னா பண்றன்னு பாத்துகினு நின்னேன். நீ ஏறின. சரி, அப்ப ஒண்ணும் ஆவாதுன்னு நானும் ஏறினேன்."

வரும்போது கருவாடு கட்டிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

வண்டி பார்க்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். பேச வராது என்று நீங்கள் சும்மா இருக்கலாம். ஆனால் நீங்கள் ஏறி உட்கார்ந்தால், வண்டி சரியாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டீர்கள். சந்தேகம் இருந்தால் ஏறாதீர்கள். கீழே நில்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

புது டிராபார் வந்து இறங்கியிருக்கிறது. அதன் மேல் பெயிண்ட் அடிக்கவில்லை. கொக்கிப் பின் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. நாளைக் காலை, மூக்கைப் பார்த்த பிறகு கொடுப்பேன்.

ஏழுமலை
30-10-1977, ஞாயிற்றுக்கிழமை